முதல் வாரத்துக்கு ஒரே ஒரு தட்டு: பழைய ப்ளூஸ் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

பழைய ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு, கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் செய்த முதல் காரியமே தப்பு. ஒரு பாடகரின் மொத்தப் பதிவுகளும் அடங்கிய தொகுப்பை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பாட்டிலிருந்து ஓடவிட்டேன். முதல் பாட்டு முடிந்தது. அடுத்து அதே பாட்டு மறுபடி வந்தது. ஆப்பில்தான் ஏதோ கோளாறு என்று நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அப்படியே. ஒரே பாட்டை இரண்டு தடவை பாடிப் பதிவு செய்திருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஏழெட்டுப் பாட்டு தாண்டுவதற்குள் எல்லாமே ஒன்றுபோல ஆகிவிட்டது. ஒரு கிட்டார், ஒரு குரல், பின்னணியில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம். மூடி வைத்தவன் இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்தப் பாட்டுகள் வந்த காலத்தில் யாரும் அவற்றை அப்படிக் கேட்கவில்லை. பத்து அங்குல இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம். விலை 75 சென்ட், பருத்திக் காட்டில் வேலை செய்கிறவருக்குச் சின்னத் தொகை இல்லை. வாங்கினால் அந்த ஒரு தட்டைத்தான் தேயத் தேயப் போட்டுக் கேட்பார்கள். நாமும் அப்படியே தொடங்குவோம்: முதல் வாரத்துக்கு ஒரே ஒரு தட்டு.

தொடங்குமுன் மூன்று குழப்பங்கள்

"அக்கூஸ்டிக்" என்ற சொல் இங்கே இரண்டு அர்த்தத்தில் புழங்கும். ஒன்று, மின்சாரம் இல்லாத சாதாரணக் கிட்டார். இன்னொன்று, மைக் வருவதற்கு முந்தைய ஒலிப்பதிவு முறை. 1925 வரை பாடகர் ஒரு பெரிய கூம்புக்குள் பாடுவார். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். 1925-ல் மைக் வந்த பிறகுதான் மெல்லிய குரலும் கிட்டாரின் அடிக்கம்பியும் ஒழுங்காகப் பதிவாகின. ஆகவே 1923-ஆம் வருடத்துத் தட்டும் 1928-ஆம் வருடத்துத் தட்டும் ஒலியில் வெகு தூரம் விலகியிருக்கும்.

அடுத்தது "டெல்டா ப்ளூஸ்". டெல்டா என்றதும் நமக்குக் காவிரி கடலில் சேரும் தஞ்சைப் பக்கம்தான் நினைவுக்கு வரும். மிசிசிப்பி மாநிலத்துக்காரர்கள் டெல்டா என்பது ஆற்றின் முகத்துவாரத்தை அல்ல. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் தட்டையான வண்டல் பூமி அது. கடல் அங்கிருந்து வெகு தொலைவு. பருத்தித் தோட்டங்கள், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பங்கள், வெள்ளத்தைத் தடுக்கும் கரைகள். பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த நிலம்தான்.

மூன்றாவது, காலக் கணக்கு. நியூயார்க்கில் 1920 ஆகஸ்ட் 10 அன்று மேமி ஸ்மித் "கிரேஸி ப்ளூஸ்" பாடிப் பதிவு செய்தார். அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. முதல் சில வருடங்கள் பெண் பாடகிகளின் ராஜ்ஜியம்: மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பாடும் ஆண்களுக்குக் கதவு திறந்தது 1926 வாக்கில்தான். அதிலிருந்து 1942 வரை வந்தவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரைச்சலோடு சமாதானம் ஆகுங்கள்

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி ஓடுவது அந்தப் பொரியல் சத்தத்தால். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி எரிச்சல் குறையும்.

78 வேகத் தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று) பிளாஸ்டிக் இல்லை. அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்திச் செய்தவை. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. நம் காட்டு மரங்களில் பூச்சி சுரந்த பிசின் மிசிசிப்பிக்காரர் குரலைச் சுமந்திருக்கிறது என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கல்தூள் சேர்த்ததால் தட்டு உறுதிப்பட்டது. கூடவே சரசரப்பும் வந்தது. அதன்மேல் எஃகு ஊசி நூற்றுக்கணக்கான தடவை ஓடியிருக்கும்.

இதில் மோசமானவை பாரமௌண்ட் கம்பெனித் தட்டுகள். விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. கிராமபோன் பெட்டி செய்யப் போய், பெட்டி விற்பதற்காகத் தட்டும் போடத் தொடங்கினார்கள். மலிவான கலவை, சுமாரான பதிவு. 1930-களின் தொடக்கத்தில் தட்டு வியாபாரம் படுத்ததும் மூல உலோக அச்சுகள் பழைய இரும்போடு இரும்பாகப் போய்விட்டன. ஆக, சார்லி பேட்டன், ஸ்கிப் ஜேம்ஸ், சன் ஹவுஸ் ஆகியோரின் முக்கியமான பாட்டுகளுக்கு இன்று மூலம் கிடையாது. யாரோ வீட்டில் தேய்த்து மிச்சம் வைத்த தட்டுதான் மூலம். சில பாட்டுகளுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு தட்டுதான் மிச்சம்.

கேட்கும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஃபோனில் பேஸ் பூஸ்ட், "3டி சவுண்ட்" மாதிரி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இவை எல்லாம் மோனோ பதிவுகள், இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான். முதல் சில நாள் ஹெட்ஃபோனைவிட அறையில் வைத்த சின்ன ஸ்பீக்கர் நல்லது. ஹெட்ஃபோனில் இரைச்சல் நேராக மண்டைக்குள் போகும், ஸ்பீக்கரில் அது அறைக் காற்றோடு கலந்துவிடும்.

ஒரே பாட்டுக்கு நாலைந்து பதிப்பு கிடைத்தால், இரைச்சலே கேட்காததை எடுக்காதீர்கள். இரைச்சலை வழித்து எடுக்கும்போது கம்பியில் விரல் உரசும் சத்தமும், வரி முடிவில் பாடகர் மூச்சு வாங்குவதும் சேர்ந்து போய்விடும். தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பாடுவதுபோல மிஞ்சும். உரசலும் மூச்சும் காதில் விழுகிற பதிப்பே நல்ல பதிப்பு. யாசூ என்ற நிறுவனம் வெளியிட்ட மறுபதிப்புகள் பெரும்பாலும் நம்பிக்கையானவை.

முதல் தட்டு: ஜான் ஹர்ட், 1928

எல்லோரும் ராபர்ட் ஜான்சனிடம் போகச் சொல்வார்கள். போகாதீர்கள், இப்போதைக்கு. மிசிசிப்பி ஜான் ஹர்ட்டிடம் போங்கள். அவர் 1928-ல் ஓகே கம்பெனிக்காக மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் பாடியவை ஒலியில் தெளிவு. குரலில் சத்தமே இல்லை, திண்ணையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோலப் பாடுவார்.

"அவலான் ப்ளூஸ்" எடுத்துக்கொள்ளுங்கள். தேடும்போது பாடகர் பெயரோடு 1928 என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள். இல்லாவிட்டால் 1960-களில் முதியவராக அவர் மறுபடி பாடியவை முன்னால் வந்து நிற்கும். அவையும் அருமைதான், ஆனால் அது வேறு கதை.

இதை மூன்று தடவை கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும். முதல் தடவை கட்டைவிரல். அடிக்கம்பிகளில் மாறி மாறி, நிற்காமல், கடிகாரம் போல நடக்கும். இரண்டாவது தடவை மற்ற விரல்கள். மேல் கம்பிகளில் பாட்டின் மெட்டைத் துள்ளலாகப் பிடிக்கும். மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகப் பேசுவதைக் கவனித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இங்கே இரண்டு வேலையும் ஒரே கை. மூன்றாவது தடவை குரல். கிட்டார் இவ்வளவு வேலை செய்யும்போது குரல் அதைக் கண்டுகொள்ளாமல் சாவகாசமாக வருவதுதான் அழகு. இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்ற சந்தேகம் ஒரு தடவையாவது வந்துவிட்டால் காது திறந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பாட்டுக்கு இன்னொரு பெருமை உண்டு. நியூயார்க்கில் பதிவுக்காகத் தங்கியிருந்தபோது, அவலான்தான் என் ஊர் என்று ஏக்கத்தோடு பாடியிருக்கிறார் ஹர்ட். தட்டுகள் பெரிதாக விற்கவில்லை; அவர் ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்குப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடம் கழித்து, 1963-ல், ஒரு ரசிகர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பழைய வரைபடத்தில் அவலானைத் தேடிப் போனார். ஹர்ட் அங்கேயே இருந்தார். அந்த வருடமே நியூபோர்ட் இசை விழாவில் மேடை ஏறினார்.

விரல் மடக்கி எண்ணுங்கள்

இரண்டாவது வாரம் பெஸ்ஸி ஸ்மித்தின் "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்", 1925 ஜனவரி. கூம்புக்குள் பாடிய பதிவு, ஆகவே ஒலி கொஞ்சம் டப்பாவுக்குள் அடைத்ததுபோல இருக்கும். கூட இருப்பவர்கள் இரண்டே பேர். கார்னெட் (ட்ரம்பெட் போன்ற சின்ன ஊதுகருவி) ஊதுவது இளம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். இன்னொருவர் ஃப்ரெட் லாங்ஷா. அவர் வாசிப்பது ஆர்மோனியம். ஆமாம், நம் பஜனை மடத்தில் கேட்கும் அதே இனத்து ஒலி, தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இதை எடுத்ததற்குக் காரணம், ப்ளூஸ் கட்டமைப்பைக் கற்க இவ்வளவு நிதானமான பாட்டு வேறு அதிகம் இல்லை. ஒரு சரணம் மூன்று வரி. முதல் வரியே இரண்டாவதாகவும் வரும். மூன்றாவது வரி அதற்குப் பதில். நம் பேச்சில் சொன்னால் இப்படி:

ஆத்துத் தண்ணி ஏறி ஏறி வாசப்படி முட்டிருச்சு
ஆமா, ஆத்துத் தண்ணி ஏறி ஏறி வாசப்படி முட்டிருச்சு
மூட்டை கட்டி நிமிருமுன்னே ரோட்டையுமே வெட்டிருச்சு

(நானாகக் கட்டியது. சிரிக்க வேண்டாம்.)

இப்போது கையால் தாளம் போடுங்கள். ஆதி தாளம் போடத் தெரிந்தால் ரொம்ப வசதி. ஒரு வரிக்குப் பதினாறு அடி, அதாவது இரண்டு ஆவர்த்தனம். முதல் ஆவர்த்தனத்தை ஒட்டிக் குரல் வரும். வரி முடிந்ததும் மிச்ச இடத்தில் கார்னெட் பதில் சொல்லும். மூன்று வரிக்கு ஆறு ஆவர்த்தனம், ஒரு சரணம். நாலு அடி ஒரு பார்; "பன்னிரண்டு பார் ப்ளூஸ்" என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது வரியில் சொற்கள் அதேதான், ஆனால் வேறு மாதிரி கனக்கும். கீழே ஒலிக்கும் ஆதாரம் சட்ஜமத்திலிருந்து மத்யமத்துக்கு நகர்ந்திருக்கும். மூன்றாவது வரி பஞ்சமத்தில் தொடங்கி வீடு திரும்பும். இரண்டு சரணம் ஆனதும் பாட்டு வேறு அமைப்புக்குத் தாவும். அங்கே எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் காதில் விழும். பெஸ்ஸி சில சுரங்களில் நேராக நிற்கமாட்டார். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டு வழுக்குவார். பியானோவில் அந்தக் கட்டை கிடையாது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆனால் அங்கிருந்து இது எந்த ராகம் என்று தேடக் கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பியிருக்கிறேன், ஒரு மாதம் வீண்.

எண்ணிப் பழகியதும் எண்ணிக்கையை உடைக்கிறவரிடம் போகலாம். டெக்ஸஸ்காரர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன். தனி ஆளாகக் கிட்டாரோடு பாடினாலும் தட்டு விற்கும் என்று காட்டியவர். அவருடைய "மேட்ச்பாக்ஸ் ப்ளூஸ்" 1927-ல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பதிவானது. ஓகே கம்பெனிக்காகப் பாடியதைத் தேடுங்கள், பாரமௌண்ட் தட்டுகளைவிட ஒலி தெளிவு. உங்கள் தாளம் இதில் தவறும். தவறு உங்களுடையது இல்லை. பாடி முடித்த வரிக்குக் கிட்டார் சொல்ல வேண்டிய பதில் நீளமாக இருந்தால் அவர் தாளத்தை அங்கேயே நிறுத்தி வைப்பார். கூட வாசிக்க ஆள் இல்லையே, யாரைக் கேட்க வேண்டும்?

வெள்ளமும் குரலும்

இப்போது டெல்டாவுக்குப் போகலாம். முதலில் சார்லி பேட்டன், "ஹை வாட்டர் எவ்ரிவேர்". 1927 ஏப்ரலில் மிசிசிப்பிக் கரைகள் உடைந்து டெல்டா மூழ்கியதைப் பற்றி 1929-ல் பாடியது. ஒரு பக்கத்தில் அடங்காமல் தட்டின் இரண்டு பக்கத்துக்கும் நீண்டது.

முதலில் ஒன்றுமே புரியாது. புரியாமலே கேளுங்கள். குரல் சரளைக்கல்லை அரைப்பதுபோல வரும், வார்த்தைகளை விழுங்குவார், நடுவில் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சுக் குரலில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வார். கிட்டார் உடம்பில் தட்டும் சத்தம் தனியாகக் கேட்கும். இரண்டாவது தடவை ஊர்ப் பெயர்களை மட்டும் பிடியுங்கள்: லேலண்ட், கிரீன்வில், ரோஸ்டேல், விக்ஸ்பர்க். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் ஒரு மனிதன் மேடு தேடி ஊர் ஊராக ஓடுவது தெரியும். பாட்டின் எழுத்து வடிவத்தை அதற்கப்புறம் பாருங்கள். எந்த இரண்டு எழுத்து வடிவமும் ஒத்துப்போகாது, கவலை வேண்டாம். அதே வெள்ளத்தை மெம்பிஸ் மின்னியும் கான்சஸ் ஜோவும் பாடியிருக்கிறார்கள்: "வென் தி லெவி பிரேக்ஸ்", 1929. இரண்டு கிட்டார்கள் பின்னிக்கொண்டு போகும். பேட்டனுக்கு அப்புறம் கேட்டால் மூச்சு விட்டதுபோல இருக்கும்.

சொற்களில் ஒரு எச்சரிக்கை. சாதாரணமாகத் தோன்றும் சொல்லுக்கு உள்ளே வேறு ஏதாவது இருக்கும். ஸ்கிப் ஜேம்ஸ் பாடும் "கில்லிங் ஃப்ளோர்" கசாப்புக்கூடத்தில் மாட்டை வெட்டும் தளம். டாமி ஜான்சன் 1928-ல் பாடிய "கேன்ட் ஹீட்" ஒரு டப்பா எரிபொருள். மதுவிலக்குக் காலத்தில் அதை வடிகட்டிக் குடித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் அவர் குரல் திடீரென்று மேலே தாவும்போது அழகு முதலில் தெரியும், விஷயம் அப்புறம் தெரியும்.

ஸ்கிப் ஜேம்ஸைத் தனியாக ஓர் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1931 பிப்ரவரி, விஸ்கான்சினில் கிராஃப்டன் என்ற சிற்றூரில் பதிவானவை. கிட்டாரைச் சோகமான மைனர் சுருதியில் கூட்டி, மெல்லிய உச்சக் குரலில் பாடுவார். "டெவில் காட் மை வுமன்" கேட்டுவிட்டு உடனே வேறு எதையும் போட எனக்குக் கை வராது.

இந்த வரிசையில் ப்ளூஸ் அல்லாத ஒன்றையும் சேர்ப்பேன். பிளைண்ட் வில்லி ஜான்சன் பாடியதெல்லாம் பக்திப் பாட்டு. 1927 டிசம்பர் 3 அன்று டாலஸில் பதிவான "டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்" பாட்டில் ஒரு சொல் கூடக் கிடையாது. கம்பிமேல் வைத்துத் தேய்க்கும் ஸ்லைடு வழுக்கி ஒரு வரியைத் தொடங்கும். குரல் "ம்ம்" என்று அதைத் தொட்டுச் செல்லும். சில இடங்களில் வரியைக் குரல் பாதியில் விட, கம்பி முடிக்கும். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் எங்கேயோ கேட்டதுபோலவே இருக்கும். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் இந்தப் பதிவு போயிருக்கிறது. கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் அதே தட்டில் கூடவே போகிறது.

இப்போது ராபர்ட் ஜான்சன்

ஏன் இவ்வளவு தூரம் தள்ளிப் போட்டேன் என்றால், அவர் தட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை. 1936 நவம்பரில் சான் ஆன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் மொத்தம் 29 பாட்டு பதிவு செய்தார். 1938 ஆகஸ்டில், 27 வயதில் இறந்துவிட்டார். அவர் பாட்டில் முன்னோர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தெரியாமல் கேட்டால் எல்லாம் அவரே கண்டுபிடித்ததுபோலத் தோன்றும். தெரிந்து கேட்டால்தான் அவர் செய்த வேலை தெரியும்.

ஒரு பயிற்சி. ஸ்கிப் ஜேம்ஸ் பியானோவில் வாசித்துப் பாடிய "22-20 ப்ளூஸ்" கேளுங்கள். உடனே ஜான்சனின் "32-20 ப்ளூஸ்". துப்பாக்கியின் அளவை மாற்றிவிட்டார், அவ்வளவுதான் என்று முதலில் தோன்றும். ஜேம்ஸின் பியானோ தடுமாறும், சீறும், சட்டென்று நிற்கும். ஜான்சன் அதைக் கிட்டாரில் ஏற்றி, ஒரு சீரான நடையில் கட்டிவிட்டார். அப்படியே சன் ஹவுஸ் 1930-ல் பாடிய "ப்ரீச்சின் தி ப்ளூஸ்" கேட்டுவிட்டு ஜான்சனின் "ப்ரீச்சிங் ப்ளூஸ்" போடுங்கள்.

நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றார் என்ற கதை கண்டிப்பாகக் காதுக்கு வரும். அதைப் போன்ற கதையை டாமி ஜான்சனைப் பற்றியும் டாமியின் சகோதரர் சொல்லியிருக்கிறார். "கிராஸ் ரோட் ப்ளூஸ்" பாட்டில் அப்படி எந்தப் பேரமும் இல்லை. அதில் இருப்பவர் நாற்சந்தியில் மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார். பிறகு போகிற வண்டிகளை நிறுத்தப் பார்க்கிறார், ஒருவரும் நிறுத்தவில்லை, இருட்டுகிறது. தெரியாத ஊரில் இருட்டிய பிறகு தனியாக நிற்கும் கறுப்பினத்தவருக்கு அன்றைய மிசிசிப்பியில் சாத்தான் தேவையே இல்லை.

எங்கே தேடுவது

யூடியூபிலேயே கிட்டத்தட்ட எல்லாம் கிடைக்கும், ஆனால் தலைப்பும் ஆண்டும் தப்பாக இருப்பது சகஜம். சந்தேகம் வந்தால், சாண்டா பார்பராவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் பழைய ஒலிப்பதிவுப் பட்டியலில் பாருங்கள்; எந்த நாள், எந்த ஊர், யார் வாசித்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவில் 78 தட்டுகளைச் சுத்தப்படுத்தாமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு அமெரிக்கச் சட்டப்படி நூறு ஆண்டு உரிமை, அப்புறம் பொதுச் சொத்து. ஆகவே வருடா வருடம் ஒரு வருடத்துத் தட்டுகள் விடுதலையாகிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு பாட்டு பிடித்துவிட்டால், அந்தத் தட்டின் மறுபக்கம் என்ன என்று தேடுங்கள். இன்றைய பாட்டு வரிசைகள் எல்லாம் தட்டை உடைத்துப் பாட்டைத் தனியாகப் பிய்த்து வைத்திருக்கின்றன. மறுபக்கத்தில் பல தடவை புகழ்பெற்ற பக்கத்தைவிட நல்ல பாட்டு இருக்கும். பேட்டனின் தோழர் வில்லி பிரவுனின் "ஃபியூச்சர் ப்ளூஸ்" கேட்டுவிட்டு, அதே தட்டின் மறுபக்கமான "எம் அண்ட் ஓ ப்ளூஸ்" கேளுங்கள். 1930-ல் பாரமௌண்ட் அவர் பெயரில் இன்னொரு தட்டும் போட்டது. "கிக்கிங் இன் மை ஸ்லீப் ப்ளூஸ்" ஒரு பக்கம், "விண்டோ ப்ளூஸ்" மறுபக்கம். சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடுகிறார்கள். இதுவரை ஒரு பிரதி கூட அகப்படவில்லை.